ஔவையார் எங்கே போனார்? ஆய்வு வெளியீட்டு உதவிச் சேவைகள் குறித்து ஒரு மதிப்பீடு

கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கும் நான், என் நெறியாள்கையில் சங்ககால ஔவையாரின் பாடல்களை ஆய்வு செய்த மாணவியின் ஆய்வேட்டையும் அதிலிருந்து எழுந்த இரண்டு கட்டுரைகளையும் வெளிக்கொண்டுவருவதற்காகக் கடந்த கல்வியாண்டில் மூன்று இடங்களின் உதவியை நாடினேன். பல்கலைக்கழக நூலகத்தில் இயங்கும் வெளியீட்டு உதவிப் பிரிவு முதலாவது. பல்கலைக்கழக வாயிலுக்கு எதிரே உள்ள டி.டி.பி. கடை இரண்டாவது, மாணவியின் வாட்ஸ்ஆப்புக்குத் தானாகவே செய்தி அனுப்பி வந்து சேர்ந்த தனியார் நிறுவனம் மூன்றாவது. பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன், பல்கலைக்கழகம் உள்ள எந்த ஊரில் கேட்டாலும் இவற்றின் உடன்பிறப்புகளை எவரும் காட்டிவிடுவார்கள்.

நூலகப் பிரிவின் சேவைக்குக் கட்டணம் இல்லை. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நிறுவனம் ஷோத்சுத்தி திட்டத்தின் வழியாகப் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் மென்பொருளைக் கொண்டு ஆய்வேடு பிற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று காட்டும் ஒப்புமை அறிக்கை எடுத்துத் தருவதும், பட்டம் பெற்றபின் ஆய்வேட்டை இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏற்றுவதும் அவர்களுடைய முறையான பணிகள். நாங்கள் கொடுத்த கோப்புக்கு வந்த முதல் அறிக்கை 2 விழுக்காடு ஒப்புமை என்றது. மாணவிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பணியிலிருந்த நூலகரோ அந்த எண்ணைப் பார்த்துவிட்டு முகம் மலரவில்லை. அறிக்கையைத் திறந்து உள்ளே இருந்த பக்கங்களை எங்களுக்குக் காட்டினார். தமிழ் இருக்கவேண்டிய இடமெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இறைந்து கிடந்தன. ஆய்வேடு எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறிமுறையான ஒருங்குறியில் (யுனிகோடு) அல்லாமல் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்ததால், மென்பொருள் ஒரு தமிழ்ச் சொல்லைக்கூடப் படிக்காமலேயே நற்சான்று வழங்கியிருந்தது. அந்த எழுத்துருவின் பெயர் வானவில் ஔவையார் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த 2 விழுக்காட்டை அப்படியே அச்சிட்டு முத்திரை குத்திக் கொடுத்திருந்தால் நாங்கள் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்போம். அவர் கோப்பைத் திருப்பிக் கொடுத்து ஒருங்குறிக்கு மாற்றி வரச் சொன்னார். இந்தச் சேவையைப் பற்றி நான் வைத்திருக்கும் மதிப்பில் பெரும்பகுதி அந்த ஒரு மறுப்பினால் வந்தது.

டி.டி.பி. கடை அண்ணாச்சி எழுத்துரு மாற்றத்திற்குப் பக்கத்துக்கு 5 ரூபாய் வாங்கினார். இரண்டே நாளில் முடித்துத் தந்தார் என்றாலும், முதல் படியில் 'ஆய்வுச் சுருக்கம்' பகுதியின் ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து மாற்றத்துக்கு உள்ளாகி, வாயில் நுழையாத தமிழாக நின்றன. திட்டினால் சிரித்துக்கொண்டே சரிசெய்து தருபவர் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பாடமாக அமைந்தது அடுத்து அவர் காட்டியதுதான். "மேடம், இதுல ஔவையார்னு தேடிப் பாருங்க" என்று விசைப்பலகையை என் பக்கம் நகர்த்தினார். தேடினேன். ஔவையாரைப் பற்றிய ஆய்வேட்டில் ஔவையார் ஓரிடத்திலும் இல்லை என்றது கணினி. திரையிலோ பக்கத்துக்குப் பத்துமுறை அப்பெயர் தெரிந்தது. பழைய எழுத்துருவில் 'ஒ' எழுத்தையும் 'ள' எழுத்தையும் அடுத்தடுத்து இட்டே 'ஔ' உருவாக்கப்பட்டிருந்ததால், மாற்றியபின்னும் அது 'ஒளவையார்' என்று இரண்டு எழுத்துகளாகவே தங்கிவிட்டது. "கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், மெஷினுக்கு வேற வேற" என்று அவர் சொன்னபோது, 'கௌ', 'மௌ', 'சௌ' வரும் ஒவ்வோர் இடத்திலும் இதே கதைதான் என்பது எனக்கு உறைத்தது. இப்படியே ஷோத்கங்காவில் ஏறியிருந்தால், ஔவையாரைத் தேடி வருகிற எவர் கண்ணிலும் இந்த ஆய்வேடு பட்டிருக்காது.

திருத்திய கோப்போடு மீண்டும் நூலகத்துக்குப் போனோம். இம்முறை வந்த எண் 37. ஔவையார் பெயரில் சங்க நூல்களில் உள்ள 59 பாடல்களையும் (அவற்றுள் 33 புறநானூற்றில் வருபவை) மாணவி முழுமையாக மேற்கோள் காட்டியிருந்தார். பாடல்கள் இணையத்தில் பல தளங்களில் கிடக்கின்றன. மென்பொருள் அத்தனையையும் ஒப்புமையாக எண்ணிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் எழுத்துத்திருட்டு பற்றிய 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி 10 விழுக்காடு ஒப்புமை வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திச் சமர்ப்பிக்கவேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே இரத்தாகும். ஆனால் உரிய முறையில் சுட்டிய மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் முன்னுரை, நன்றியுரை ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றும் அதே ஒழுங்குமுறை கூறுகிறது. இதை நூலகர் எங்களுக்கு எடுத்துச் சொல்லி, பாடல்களுக்கு மேற்கோள் குறி விடுபட்டிருந்த இடங்களைக் காட்டி, திருத்தியபின் விலக்குகளோடு மறு அறிக்கை எடுத்தார்; 7 விழுக்காடு வந்தது. சொற்களை மாற்றி மாற்றி எழுதி எண்ணைக் குறைக்கச் சொல்லும் வழக்கம் எங்கும் பரவியிருக்கிற நிலையில், சங்கப்பாடலை எப்படி மாற்றி எழுதுவது என்று திகைத்திருந்த மாணவிக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது.

நூற்குறிப்புகளைச் சேகரித்து அடுக்கித் தரும் சோட்டிரோ மென்பொருளில் துணைநூற்பட்டியல் தயாரிப்பது பற்றியும் அப்பிரிவில் அரைநாள் பயிற்சி தருகிறார்கள். அது இலவசம், பயிற்சியும் பயனுள்ளதே. ஆனால் குடும்பப் பெயர், இடுபெயர் என்று இரண்டு கட்டங்களை நிரப்பும் முறையை மட்டுமே கற்பித்தார்கள். தலைப்பெழுத்தோடு வழங்கும் நம் பெயர்களை ஒரே கட்டத்தில் இடும் வசதி அதிலேயே உண்டு என்பதை நாங்கள் வீட்டில்தான் கண்டுபிடித்தோம். அவர்களுடைய இன்னொரு குறை, தமிழ் நடையைப் படித்துத் திருத்தித் தர அங்கே ஆள் இல்லை. ஒற்றுப்பிழையை அண்ணாச்சிதான் பிடிக்கிறார். அதற்கென்று அவர் தனியாகக் கட்டணம் கேட்பதுமில்லை.

மூன்றாவதாக வந்த நிறுவனத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 18,000 ரூபாய் கொடுத்தால் முப்பது நாளில் ஸ்கோபஸ் இதழில் கட்டுரை வெளிவருவது உறுதி என்றார்கள். கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே ஏற்புக் கடிதத்தின் மாதிரியும் வந்துவிட்டது. ஸ்கோபஸ் என்பது எல்சவியர் பதிப்பகம் நடத்தும், ஆய்விதழ்களை அட்டவணைப்படுத்தும் தளமே தவிர எந்த இதழையும் வெளியிடுவதில்லை. ஓர் இதழ் அதில் உள்ளதா என்பதை அதன் இதழ்ப்பட்டியலில் எவரும் பணமின்றிப் பார்க்கலாம். பார்த்தோம். அவர்கள் சொன்ன இதழின் பெயர் பட்டியலில் இருந்தது, இதழின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் பொருந்தியது, ஆனால் பட்டியல் காட்டிய வெளியீட்டாளரின் தளம் ஒன்று, இவர்கள் அனுப்பிய தளம் வேறொன்று. அந்தத் தளத்தில் வெளியான கட்டுரைகளின் நிலையான இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண்கள் மூன்றை உள்ளிட்டுப் பார்த்தோம், ஒன்றுகூடத் திறக்கவில்லை. உண்மையான இதழொன்றின் பெயரைப் போர்த்திக்கொண்ட போலித்தளம் அது. மானியக் குழு தான் ஏற்ற இதழ்களின் பட்டியலான கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டபிறகும் 'கேர் பட்டியல் இதழ்' என்ற விளம்பரம் இன்னும் சுற்றிவருவதால், மாணவர்கள் இந்தச் சோதனைகளைத் தாங்களே செய்யப் பழகுவது நல்லது. முனைவர் பட்டத்துக்கு வெளியீடு கட்டாயம் என்ற விதியையே மானியக் குழுவின் 2022 ஒழுங்குமுறை நீக்கிவிட்டது. அதன்பின்னும் பல பல்கலைக்கழகங்கள் தம் அளவில் கேட்கின்றன என்பது இந்த வியாபாரத்துக்கு உரமாகிறது.

இரண்டு கட்டுரைகளும் இப்போது கட்டணம் வாங்காத இரண்டு தமிழாய்விதழ்களில் மதிப்பீட்டில் இருக்கின்றன. ஐந்து மாதமாகப் பதில் இல்லை. ஆய்வேட்டை நூலாக்கும் வேலையை அண்ணாச்சி எடுத்திருக்கிறார். அந்தத் தனியார் நிறுவனம் நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு மட்டும் 3,000 ரூபாய் கேட்டிருந்தது. ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமையில் விண்ணப்பித்தால் அது இலவசம்.

போக விரும்புவோருக்கு: நூலகப் பிரிவில் ஒரே ஒருவர்தான் பணியில் இருக்கிறார், சமர்ப்பிப்புக் காலத்தில் மூன்று வாரம் முன்னதாகவே பெயர் பதிந்துவைக்க வேண்டும், கடை ஞாயிறன்றும் மதியம் வரை திறந்திருக்கும், ஆங்கிலப் பகுதிகளை மட்டும் தனிக்கோப்பாகக் கொண்டுபோய்க் கொடுங்கள்.