ஆராய்ச்சி ஆண்டு: ஆய்வகமா, நோயாளிப் பதிவேடுகளா?

மருத்துவப் படிப்புக்கு நடுவே ஓர் ஆண்டை ஆராய்ச்சிக்கு ஒதுக்குகிறீர்கள் என்றால் முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஆய்வகத்தில் வேலை செய்வதா, நோயாளிப் பதிவேடுகளை வைத்து ஆய்வு செய்வதா என்பதைத்தான்.

ஆய்வகத்தில் உங்கள் நேரத்தைத் தீர்மானிப்பது செல்கள்தான். ஹீலா செல்கள் (ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்கள்) கிட்டத்தட்ட 24 மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை என்றெல்லாம் பார்க்காது, தட்டு நிரம்பினால் நீங்கள் போய்ப் பிரித்து வைத்தே ஆக வேண்டும். வெஸ்டர்ன் பிளாட் (மாதிரியில் ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) என்றால் ஜெல் ஓட்டி, புரதத்தைச் சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியில் 4 டிகிரியில் இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் கழுவிப் படம் எடுத்தால் புரதத்தைக் காட்டும் பட்டையே தெரியாமல் போகலாம். எனக்கு முதல் மூன்று மாதம் அப்படித்தான் போனது, அழுகையே வந்துவிட்டது. ஆனால் கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் மாதிரி) இல்லாத எந்த முடிவையும் நம்பக் கூடாது என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.

பதிவேட்டு ஆய்வு வேறு மாதிரி. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருந்து, அப்புறம் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு), டிஸ்சார்ஜ் தேதி என்று ஒவ்வொரு நோயாளியாக எக்செல்லில் நிரப்ப வேண்டும். சலிப்புதான். ஆனால் ஓராண்டுக்குள் கட்டுரையாக முடிய வாய்ப்பு அதிகம். ஒரு குறை, தொடர்பைக் காட்டலாமே தவிர காரணத்தை நிரூபிப்பது கடினம்.

கையில் ஓராண்டுதான் என்றால் நான் பதிவேடுகளையே சொல்வேன். பிஎச்.டி. யோசனை இருந்தால் ஆய்வகம். எதுவானாலும் சரி, வழிகாட்டியின் பழைய மாணவர்களிடம் பேசிவிட்டுச் சேருங்கள், வாரம் ஒரு முறையாவது அவர் உட்கார்ந்து பேசுவாரா என்று கேளுங்கள்.