கிருமியைச் செல் எப்படி அறிகிறது: நான் முடித்த இணையப் பாடம்

உள்ளார்ந்த நோயெதிர்ப்பு (பிறவியிலேயே உடலில் இருக்கும் முதல்கட்டப் பாதுகாப்பு) பற்றிய இணையப் பாடம் ஒன்றை முடித்துவிட்டேன், தாராளமாகச் சேரலாம். பழ ஈக்களில் பூஞ்சைத் தொற்றை எதிர்க்க டோல் மரபணு தேவை என்று ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு 1996-இல் காட்டியதில் தொடங்குகிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டிஎல்ஆர்4, அதாவது அந்த டோலைப் போலவே நம் செல்களில் இருந்து கிருமியை உணரும் ஏற்பிப் புரதம், பற்றிய பகுதிதான். ஈ.கோலை பாக்டீரியாவின் வெளிச்சவ்விலுள்ள எல்பிஎஸ் மூலக்கூறுக்கு ஆறு கொழுப்பு வால்கள். அதில் ஐந்து டிஎல்ஆர்4-உடன் ஒட்டியிருக்கும் எம்டி-2 புரதத்தின் குழிக்குள் போய் உட்கார, ஆறாவது மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து டிஎல்ஆர்4-ஐத் தொட, இரண்டும் ஜோடி சேர்ந்து செல்லுக்குள்ளே சேதி கடத்தும் மைடி88 புரதத்தை அழைக்க, கடைசியில் மரபணுக்களை இயக்கும் புரதமான என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் நுழைந்து சைட்டோகைன் (மற்ற நோயெதிர்ப்புச் செல்களை உசுப்பும் சேதிப் புரதம்) மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அந்த ஆறாவது வாலை அனிமேஷனில் நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறார்கள், நான் மூன்று முறை பார்த்தேன்!

அப்புறம், குறை. செல்லுக்குள் வைரஸைக் கண்டறியும் ரிக்-ஐ, சிகாஸ் என்ற இரண்டு புரதங்களையும் பத்தே நிமிடத்தில் ஓட்டிவிட்டார்கள். சைட்டோபிளாசத்தில் (செல்லுக்குள் உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதி) டிஎன்ஏ தென்பட்டாலே சிகாஸ் அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது, அது நம் சொந்த டிஎன்ஏவாக இருந்தாலும் சரி; இவ்வளவு முக்கியமான விஷயத்துக்குத் தனிப் பாடமே வேண்டும். தேர்வுக் கேள்விகளும் வெறும் பெயர் மனப்பாடம்தான், அதை மாற்றியே ஆக வேண்டும்.