தட்டைத்தலையா, உருண்டைத்தலையா, கூர்மூக்கா: கணவாய்க் காற்றில் ஏர் ரைஃபிள் குண்டுகள்

பொள்ளாச்சி, கோபாலபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை என்று தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரு பக்கமும் ஏர் ரைஃபிள் வாங்குகிறவர்கள் துப்பாக்கியைப் பத்து நாள் அலசுவார்கள். குண்டு என்று வரும்போது கடைக்காரர் நீட்டும் டப்பாவோடு திரும்பிவிடுவார்கள். அதிலும் கூர்மூக்குக்குத்தான் கிராக்கி. கூராக இருந்தால் ஆழமாக இறங்கும் என்ற நம்பிக்கை. அது பாதி உண்மைகூட இல்லை.

ஏர் ரைஃபிள் குண்டுக்குப் பெல்லட் என்று பெயர். அதன் உருவம் ஓர் உடுக்கை. முன்னால் கனத்த தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் உள்ளே குழிந்த பாவாடை. பாவாடை மெல்லிய ஈயம். சுடும்போது காற்றழுத்தத்தில் விரிந்து, பேரலுக்குள் சுழலாக வெட்டிய பள்ளமான மரையைக் கவ்வும். பறக்கும்போது இறகுப்பந்தின் இறகு மாதிரிப் பின்னாலிருந்து இழுத்துத் தலையை நேராக வைக்கும். எடை முன்னால், இழுவை பின்னால். பெரிய ரைஃபிளின் நீண்ட கூர்முனைத் தோட்டாவில் கதை நேர்மாறு. அதில் எடை பின்பக்கம் இருக்கிறது, காற்றின் அழுத்தமோ மூக்குப் பக்கம் விழுகிறது. மரை தரும் சுழற்சி போதாவிட்டால் தோட்டா குட்டிக்கரணம் போடும். தோட்டாவுக்குச் சொல்லும் நியாயத்தைப் பெல்லட்டுக்குப் பொருத்தக்கூடாது என்பது இதனால்தான்.

தட்டைத்தலை 10 மீட்டர் இலக்குச் சுடும் போட்டிக்கென்றே பிறந்தது. எடை சுமார் 0.53 கிராம், போட்டி ரைஃபிளில் நொடிக்கு 170 மீட்டர் அளவில் கிளம்பும். அப்படியென்றால் ஆற்றல் 8 ஜூலுக்குள்தான். காகிதத்தில் பஞ்ச் அடித்தாற்போல வட்டமாக ஓட்டை போடும். ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டு வெறும் அரை மில்லிமீட்டர். ஓட்டையின் விளிம்பு கிழிந்திருந்தால் புள்ளி எண்ணுவதில் சண்டைதான் வரும். ஆனால் அந்தத் தட்டை முகமே தூரத்தில் எமன். காற்றுத்தடை உருண்டைத்தலையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. 20, 25 மீட்டரைத் தாண்டினால் சிதறல் கண்கூடாகத் தெரியும்.

உருண்டைத்தலையில் காற்று வழுக்கிக்கொண்டு போகும், வேகம் மெதுவாகவே குறையும். பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது ஏட்டுக் கணக்கு இல்லை. ஆனி, ஆடியில் அங்கே அடிக்கும் காற்று தென்னை மட்டையையே திருப்பிப் போடும். 0.55 கிராம் உருண்டைத்தலை நொடிக்கு 230 மீட்டரில் கிளம்புகிறது, மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் பக்கக்காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 மீட்டரில் குண்டு நான்கு சென்டிமீட்டர் போல ஒதுங்கும். தட்டைத்தலை அதைப்போல இரு மடங்கு ஒதுங்கும். வெளியில் வைத்துச் சுடுகிறவருக்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

இனி கூர்மூக்கு. ஈயத்தில் அந்த நுனியை நேர் மையத்தில் கொண்டுவருவது கஷ்டம். வந்தாலும் டப்பாவுக்குள் ஒன்றோடொன்று உரசியே நுனி வளைந்துவிடும். வளைந்த நுனி சுழலும்போது தள்ளாடும். துணிதுவைக்கும் பார் சோப்பை வரிசையாக அடுக்கிச் சுட்டால், அதே எடை, அதே வேகத்தில் உருண்டைத்தலையைவிட இது சற்றே கூடுதலாக இறங்கலாம், அவ்வளவுதான். கெட்டியான பலகையில் நுனி நசுங்கி, அதுவும் உருண்டைத்தலை மாதிரியே ஆகிவிடும். ஊடுருவலைத் தீர்மானிப்பவை எடையும், இலக்கைத் தொடும்போது மிச்சமிருக்கும் வேகமும்தான்.

தலையில் குழி உள்ள குழிமூக்கைப் பற்றி ஒரு வரி போதும்: இலக்கில் பட்டுக் குழி விரிய வேகம் வேண்டும், ஸ்பிரிங் ரைஃபிளில் 25 மீட்டருக்கு அப்பால் அந்த வேகம் மிஞ்சுவதில்லை.

‘பன்னிக்கு ஆகுமாங்க?’ என்று கேட்பவர்களுக்கு: எந்த மூக்கும் ஆகாது. உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளும் ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளில் வரம்பு 4.5 மி.மீ. விட்டம், 20 ஜூல். அது காட்டுப்பன்றியைக் கொல்லாது, சீழ் பிடிக்கும் புண்ணை மட்டும் உண்டாக்கும். 1972 வனவிலங்குச் சட்டப்படி வழக்கும் வரும். மயிலென்றால் கேட்கவே வேண்டாம்.

எந்த வகையானாலும் சோதித்து எடுங்கள். கண்ணாடித் தட்டைச் சற்றுச் சாய்த்துக் குண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டுங்கள். தலையும் பாவாடையும் விட்டத்தில் வேறுபடுவதால் நல்ல குண்டு சீரான வளைவில் போகும். பாவாடை நசுங்கியது தத்தித் தத்திப் போகும், அதை ஒதுக்கிவிடலாம். தலை அளவு 4.50, 4.51, 4.52 மி.மீ. என்று டப்பாவில் இருக்கும். பேரலுக்குப் பேரல் பிடிப்பது வேறு. கட்டைவிரலால் அழுத்தினால் லேசான தடையோடு விளிம்புவரை உட்கார வேண்டும். தொளதொளவென்று விழுந்தால் காற்று கசியும், வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும். பேரலில் எண்ணெய் இருந்தால் முதல் சில குண்டுகள் புகையோடு கூடுதல் வேகத்தில் போகும். அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் பிறகு ஐந்தைந்தாக ஐந்து முறை சுட்டு, ஒவ்வொரு தொகுப்பிலும் மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்து சராசரி பாருங்கள். ஒரே ஒரு நல்ல தொகுப்பைப் போட்டோ எடுத்து மகிழ்வது சோதனை ஆகாது.

குண்டைத் தாங்க மணல் நிரப்பிய கோணிப்பை போதும். தென்னை மரமும் கருங்கல் சுவரும் வேண்டாம். எந்தக் குண்டும் தெறித்துத் திரும்பலாம். எஃகுப் பரல்களை மரை போட்ட பேரலில் போடவே கூடாது, மரை தேய்ந்தால் எந்தத் தலையும் நேராகப் போகாது. மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈயத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். அதைத் தொட்ட கையோடு பொரி தின்னாமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.