சென்ட்ஓஎஸ் 7-இல் புதிய எடிட்டர்: விம், நியோவிம், ஈமேக்ஸ் – எதைக் கம்பைல் செய்வது?

சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் விநியோகத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. ஆயினும் அதில் இயங்கும் சர்வர்கள் பல இடங்களில் இன்னும் பயன்பாட்டில் உள்ளன; அவற்றில் வேலை பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் ரூட் (நிர்வாகி) அனுமதியும் இருப்பதில்லை. அந்த அமைப்போடு கிடைக்கும் விம் 7.4, ஈமேக்ஸ் 24.3 ஆகிய இரண்டும் 2013-ஆம் ஆண்டில் வெளியானவை. புதிய எடிட்டர் ஒன்றை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து, தம்முடைய ஹோம் அடைவிலேயே நிறுவிக்கொள்ள விரும்புவோர் அதன் வசதிகளை ஒப்பிடுவதற்கு முன்பு, அது இந்தப் பழைய அமைப்பிடம் எவ்வளவு கேட்கிறது என்பதைப் பார்ப்பது நல்லது.

அமைப்பின் கையிருப்பு மிகக் குறைவு: நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.17, கம்பைலரான ஜிசிசி 4.8.5, கட்டுமானக் கருவியான சிமேக் 2.8. புதிய விநியோகம் ஒன்றில் கம்பைல் செய்யப்பட்ட பைனரியை இறக்கி இயக்கினால், 'ஜிலிப்சி 2.28 காணப்படவில்லை' என்பது போன்ற பிழைச்செய்தியோடு அது நின்றுவிடும். ஒரு நிரலை ஒரே கோப்பாகத் தரும் ஆப்இமேஜ்களும் வழக்கமாக ஜிலிப்சியைத் தம்முள் அடக்கிக்கொண்டு வருவதில்லை என்பதால் அவற்றாலும் இச்சிக்கல் தீராது. ரூட் அனுமதி இருக்கும் துணிச்சலில் அமைப்பின் ஜிலிப்சியையே மாற்ற முனைபவர்கள், அடுத்த நொடியே கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைகூட இயங்காமல் போவதைக் காண நேரலாம். விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரைத் தொலைவிலிருந்து இணைத்துப் பயன்படுத்துவதும் நிலையான மாற்றுவழி அன்று. 2024 தொடக்கத்தில் வந்த அதன் 1.86 பதிப்பு ஜிலிப்சி 2.28-ஐக் கட்டாயமாக்கியது, எதிர்ப்பு எழுந்த பிறகு தற்காலிகச் சலுகை மட்டுமே தரப்பட்டது.

விம், நியோவிம், ஈமேக்ஸ் ஆகிய மூன்றில் விம்தான் மிகக் குறைவாகக் கேட்கிறது. 2022 ஜூனில் வெளியான 9.0 பதிப்பைக்கூட ஜிசிசி 4.8.5-ஐக் கொண்டே கம்பைல் செய்துவிடலாம்; சிமேக் வேண்டியதில்லை; கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்ற மூன்று படிகள் போதும். தடை ஏதும் வந்தால் அது பெரும்பாலும் டெர்மினல் திரையைக் கையாளும் என்கர்சஸ் லைப்ரரியில்தான் வரும். டெர்மினல் லைப்ரரி கிடைக்கவில்லை என்று கான்ஃபிகர் நின்றால், அதன் பொருள் என்கர்சஸ்-டெவெல் தொகுப்பு நிறுவப்படவில்லை என்பதே. தொகுப்புகளை நிறுவும் கருவியான யம் மூலம் நிறுவ அனுமதி இல்லாதவர்கள் முதலில் என்கர்சஸை ஹோம் அடைவில் கம்பைல் செய்து, அதன் ஹெடர் மற்றும் லைப்ரரி அடைவுகளைக் கான்ஃபிகருக்குக் காட்ட வேண்டும். பகிர்வு லைப்ரரியாகக் கட்டியிருந்தால் ஆர்பாத்தையும் (இயங்கும்போது லைப்ரரியைத் தேடும் பாதை) சேர்க்க வேண்டும். பைத்தான் 3 இணைப்பில் சத்தமில்லாத பொறி ஒன்று உண்டு: உரிய ஹெடர்கள் இல்லாவிட்டாலும் கான்ஃபிகர் நிற்காமல் அந்த வசதியை விட்டுவிட்டு மேலே போய்விடக்கூடும். ஆகவே நிறுவியவுடன் விம்மின் பதிப்பு விவரத்தைக் கேட்டு, பைத்தான்3 என்பதற்கு முன்னால் இருப்பது கூட்டல் குறியா கழித்தல் குறியா என்று பார்த்துவிட வேண்டும்.

நியோவிம் கேட்பது அதிகம். அதன் கட்டுமான ஆவணம் ஜிசிசி 4.9-ஐயும் சிமேக் 3.16-ஐயும் குறைந்தபட்சமாக வைக்கிறது. முதலாவதை சென்ட்ஓஎஸ் 7 மயிரிழையில் தவறவிடுகிறது. புதிய கம்பைலரைத் தரும் டெவ்டூல்செட்-11, எபெல் என்ற கூடுதல் களஞ்சியத்தின் சிமேக்3 ஆகிய இரண்டையும் நிறுவினால் வழி பிறக்கும். டெவ்டூல்செட்டில் உருவாகும் பைனரி அமைப்பின் ஜிலிப்சியோடு இணைவதால் பிற சென்ட்ஓஎஸ் 7 கணினிகளிலும் இயங்கும் என்பது ஒரு நன்மை. ஆனால் இதற்கு ரூட் அனுமதி வேண்டும். சென்ட்ஓஎஸ் களஞ்சியங்கள் பழைய பதிப்புகளைச் சேமித்துவைக்கும் வால்ட் தளத்துக்கு நகர்ந்துவிட்டதால் யம்மின் ரெப்போ கோப்புகளையும் திருத்த வேண்டும். போதாக்குறைக்கு, மேக் ஓடும்போது லுவாஜிட், லிப்யூவி, ட்ரீ-சிட்டர் முதலிய துணை லைப்ரரிகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வது அதன் இயல்பு என்பதால், வெளித்தொடர்பு இல்லாத சர்வரில் அவற்றை முன்கூட்டியே கொண்டுவந்து வைக்க வேண்டும். இத்தனை பாடுகளுக்குப் பதிலாக, ஜிலிப்சி 2.17-க்கென்று நியோவிம் குழுவினர் தனிக் களஞ்சியத்தில் வெளியிடும் பைனரியை எடுப்பதே புத்திசாலித்தனம். அதற்கு ஆதரவு உறுதி எதுவும் இல்லை. என்றாலும் ஆதரவு முடிந்த அமைப்பில் இருந்துகொண்டு அதைக் குறையாகச் சொல்ல முடியாது.

ஈமேக்ஸ் இடைநிலையில் நிற்கிறது. எக்ஸ் சாளரம் (வரைகலை முகப்பு) இல்லாமல் கட்டினால், அதற்கும் என்கர்சஸும், பாதுகாப்பான இணைய இணைப்புக்கான க்னூடிஎல்எஸ்ஸுமே முக்கியத் தேவைகள். 2023-இல் வந்த 29.1 பதிப்பில் எக்லாட் உள்ளேயே சேர்ந்துவிட்டதால், மொழிச் சர்வர் (நிரல்மொழிக்கான பிழைகாட்டல், பரிந்துரைகளைத் தருவது) இணைப்புக்குத் தனிப் பொதி தேவைப்படுவதில்லை. ஈமேக்ஸின் லிஸ்ப் நிரல்களை இயந்திரமொழியாக்கும் நேட்டிவ் கம்பைலேஷனுக்கு வேண்டிய லிப்ஜிசிசிஜிட், ஜிசிசி 5-இல்தான் அறிமுகமானது. எனவே அமைப்பின் கம்பைலரோடு மட்டும் அதைப் பெற முடியாது. அதை விட்டுவிடலாம், வேகத்தைத் தவிர வேறெதுவும் குறையாது. தமிழ்க் கோப்புகளை நிறையத் திருத்துபவர்களுக்கு மட்டும் எக்ஸ் சாளரத்தோடும், எழுத்துகளை உருவமைக்கும் ஹார்ஃப்பஸ் லைப்ரரியோடும் கட்டிய ஈமேக்ஸைப் பரிந்துரைப்பேன். டெர்மினலில் கொம்பும் புள்ளியும் சரியாக அமைவது டெர்மினலின் கையில் இருக்கிறது.

என் தேர்வு, ரூட் இல்லாத சர்வரில் விம். லுவா மொழியில் எழுதும் அமைவுகளுக்குப் பழகிவிட்டவர்களுக்கு நியோவிம்மின் பழைய ஜிலிப்சி பைனரி. எதை நிறுவினாலும், ஹோம் அடைவில் நிரல்கள் இருக்கும் 'பின்' என்ற உள்ளடைவை, கட்டளைகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் பாத் மாறியில் முன்னால் சேர்த்துவிட்டு, அமைப்போடு வந்த விஐ-யை அப்படியே விட்டுவிட வேண்டும். சென்ட்ஓஎஸ் 7-இல், ரூட் அதிகாரத்தோடு கட்டளையிட உதவும் சூடோ தொகுப்பு, விஐ-யைத் தரும் விம்-மினிமலைச் சார்ந்திருக்கிறது. இடத்தை மிச்சப்படுத்தலாம் என்று யம் மூலம் அதை நீக்கினால் சூடோவும் சேர்ந்தே போய்விடும்.