மொபெட் சத்தம்

ரெயூனியன் தீவில், செந்த் ஆந்த்ரே ஊரில் உள்ள வீட்டில், நேற்றிரவு தனியாகப் பார்த்தேன்: பிரெஞ்சு இயக்குநர் புருனோ துய்மோனின் 1997-ஆம் ஆண்டுப் படம் 'லா வீ த ஜெசு' (இயேசுவின் வாழ்க்கை). வட பிரான்சின் பையல் என்ற சிற்றூர். நாயகன் ஃப்ரெடிக்கு வேலையில்லை, வலிப்பு நோய் வேறு. அம்மா காபிக்கடை நடத்துகிறாள். நண்பர்களோடு மொபெட்டில் சும்மா சுற்றுகிறான். பாட்டுப் போட்டிக்கென்று ஒரு குருவியை எவ்வளவு பொறுமையாக வளர்க்கிறான்! அதே பையன்தான் பிறகு அரபு இளைஞன் காதரை அடித்து மிதிக்கிறான். அந்தக் காட்சியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். முகங்களில் துளி பாசாங்கு இல்லை. படுக்கையறைக் காட்சிகள் பச்சையானவை, பிள்ளைகளோடு பார்க்காதீர்கள். அவசியம் பாருங்கள். படம் முடிந்ததும் கரும்புத் தோட்டப் பக்கம் மொபெட் சத்தம். அக்கா மகன் வந்துவிட்டானா என்று எழுந்துபோய்ப் பார்த்தேன்.