எவிக்ட்டா, எக்ஸ்பெல்லா?

evict, expel என்ற இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் அகராதியில் ‘வெளியேற்று’ என்றே இருக்கும். குழப்பம் அங்கேதான்.

எங்கிருந்து?
எவிக்ட்: வீடு, கடை, நிலம். வாடகை பாக்கி வைத்தவரைச் சட்டப்படி காலி செய்ய வைப்பது. இதன் லத்தீன் வேருக்கு ‘வெல்லுதல்’ என்று பொருள். வழக்கில் ஜெயித்து இடத்தை மீட்கும் வாசனை இன்னும் போகவில்லை.
எக்ஸ்பெல்: பள்ளி, கட்சி, நாடு. சஸ்பெண்ட் என்றால் திரும்பி வரலாம்; இது பெயரையே அடித்துவிடுவது.

எதை?
எவிக்ட் பெரும்பாலும் ஆட்களுக்கு. எக்ஸ்பெல் காற்றுக்கும் வரும்: நுரையீரல் மூச்சை எக்ஸ்பெல் செய்கிறது.

பெயர்ச்சொல்?
எவிக்‌ஷன், எக்ஸ்பல்ஷன். ‘பெல்’ இங்கே ‘பல்’ ஆகிவிடும். நானே பலமுறை சறுக்கிய இடம்.

சரி, சாவியைப் பிடுங்கினால் எவிக்ட், உறுப்பினர் அட்டையைப் பிடுங்கினால் எக்ஸ்பெல். ஹாஸ்டல் அறையை மட்டும் இழந்த மாணவர்? எவிக்ட்தான், வகுப்புக்குப் போகலாம்.