இன்சுலின் பேனா: விரல் தள்ளுவதா, ஸ்பிரிங் தள்ளுவதா?

பாம்பன், தொண்டிப் பக்கம் வலை இழுத்துக் காய்ப்பேறிய கைகளுக்கு, சர்க்கரை நோய்க்கான மருந்தை ஊசியாகப் போடும் இன்சுலின் பேனா வாங்கும்போது, உள்ளே மருந்தைத் தள்ளுவது எது என்று முதலில் பாருங்கள். விலையை அப்புறம் பார்க்கலாம்.

சாதாரணப் பேனாவில், அதாவது கைப்பேனாவில், தள்ளுவது உங்கள் கட்டைவிரல். அளவைத் திருகத் திருகப் பின்பக்கப் பட்டன் வெளியே நீளும். 10 யூனிட்டுக்கு ஒன்றும் தெரியாது. 50, 60 என்று போனால் விரல் எட்டாது, பேனா ஆடும். ஊசி தோலுக்குள் இருக்கும்போது ஆடினால் வலிக்காதா?

ஸ்பிரிங் பேனாவில் அளவைத் திருகும்போதே உள்ளிருக்கும் சுருள், சாவி கொடுத்த கடிகாரம் போல முறுக்கேறிவிடும். பட்டன் நீளாது. லேசாக அழுத்தினால் பூட்டு விடுபட்டு, சுருள் பிரிகிற வேகம் மருந்தைத் தள்ளும். சின்ன அளவுக்கு முறுக்கு பற்றுமா என்ற சந்தேகம் வரும். சுருளை முன்கூட்டியே கொஞ்சம் முறுக்கித்தான் பேனாவுக்குள் பொருத்துகிறார்கள். அதனால் 2 யூனிட்டும் சரியாக இறங்கும்.

கைப்பேனாவில் ஊசி அடைத்திருந்தால் விரலே சொல்லிவிடும். ஸ்பிரிங் பேனாவில் எண் பூஜ்யத்துக்கு வந்ததா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பார்வை மங்கியவருக்குச் சிக்கல்தான். கைப்பேனாவில் 3 மில்லி கார்ட்ரிட்ஜ், அதாவது மருந்துக் குப்பி, மாற்றிப் போடும் வகையும் உண்டு, செலவுக்கு அது தேவலை.

கை நடுக்கமோ விரல்மூட்டு வலியோ இருந்து, அதிக யூனிட் போடுகிறவருக்கு நான் ஸ்பிரிங்கைத்தான் சொல்வேன். எந்தப் பேனாவானாலும் வள்ளத்தில் வெயில்பட வைக்க வேண்டாம். 30 டிகிரியைத் தாண்டினால் மருந்து கெடும்.